குதிரைக்காக வாங்கிய பூட்ஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில், மன்னார்குடிக்குக் கிழக்கே, ஆறுகள் கடலை நெருங்க நெருங்க வாய்க்கால்களாகப் பிரிந்து மெலிந்துபோகும் கடைமடைப் பகுதியில் நான் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்தபோது நடந்தது இது. கோட்டையில் கழக ஆட்சி வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மாதம் ஐப்பசி. கார்த்திகை என்று என் தம்பி இன்றைக்கும் வாதாடுவான்; நான் விட்டுக்கொடுப்பதில்லை. துலா முழுக்குக்கு மாயவரம் போய்த் திரும்புகிற கூட்டத்தை அந்த வாரம் வழியெல்லாம் பார்த்தேன். தாளடி என்கிற இரண்டாம் போக நடவும் பாதி வயல்களில்தான் முடிந்திருந்தது. ஆகவே ஐப்பசிதான். தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். எந்த ஆற்றில் எப்போது உடைப்பு எடுத்தது, எந்தப் பாலம் எப்போது கட்டினார்கள் என்று செய்தித்தாளிலிருந்து வெட்டிச் சேர்த்து வைப்பது சிறுவயதிலிருந்தே எனக்குப் பழக்கம்.

என் எல்லைக்குள் இருந்த ஊர்களில் பாதிக்கு மேல் சாலை கிடையாது. வெயில் காலத்தில் சைக்கிளில் போய்விடலாம். மழை விழுந்துவிட்டால் வண்டல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும்; அதன்பிறகு நாம் சைக்கிளைச் சுமக்க வேண்டியதுதான். மன்னார்குடியில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர், டவுன் பஸ் வந்ததும் சவாரி குறைந்துபோய், தன் மட்டக்குதிரையை மழைக்காலம் முடியும்வரை எனக்கு வாடகைக்குத் தரச் சம்மதித்தார். செம்பட்டை நிறப் பெண் குதிரை. சாது. வரப்பில் அடி பார்த்து வைக்கும், வாய்க்காலில் தயங்காமல் இறங்கும். பழைய சேணம் ஒன்றையும் அவரே தேடிக் கொடுத்தார்.

குதிரை கிடைத்ததும் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தேன். காலில் என்ன போட்டுக்கொண்டு அதில் ஏறுவது என்பது தனிக் கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

முதலில் ரப்பர் செருப்போடு ஏறினேன். சேணத்தின் இரண்டு பக்கமும் தோல்வாரில் தொங்குகிற இரும்பு வளையத்தை அங்கவடி என்பார்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும்தான் அதில் ஊன்றி நிற்க வேண்டும். ரப்பர் செருப்பில் குதிகால் உயரம் கிடையாதே. இறங்கும்போது பாதம் முழுவதும் வளையத்துக்குள் நழுவிக் கணுக்காலில் மாட்டிக்கொண்டது. ஒரு கால் தரையில், இன்னொரு கால் குதிரையின் வயிற்றருகே. அது புல்லைத் தேடி நடக்க ஆரம்பித்தது. நானும் ஒற்றைக்காலில் தத்தித் தத்திப் பின்னாலேயே போனேன். இது நடந்தது டீக்கடைக்கு நேர் எதிரில். பெஞ்சில் இருந்தவர்களால் சிரிப்பை அடக்கி எழுந்து வர முடியவில்லை. குதிரை மிரண்டு ஓடியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வெறுங்காலோடு ஏறிப் பார்த்தேன். இரும்பின் விளிம்பு உள்ளங்காலை அறுத்தது. கேன்வாஸ் ஷூ வாங்கினேன். அதன் ரப்பர் அடியில் கோடு கோடாக இருக்கும். ஈரத்தில் அது வளையத்தைக் கவ்விக்கொண்டு, இறங்க நினைத்த நேரத்தில் விட மறுத்தது. போதாததற்கு அந்த மழையில் அது ஒரு நாளும் காயவில்லை. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொந்தரவு தோல்வார்தான். குதிரை நடக்க நடக்க அது கெண்டைக்காலை உரசிக் கிள்ளும். பேண்ட் சுருண்டு முழங்காலுக்கு ஏறிவிடும். இரண்டே சுற்றுப் பயணத்தில் கால் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. ஊருக்கெல்லாம் மருந்து கொண்டுபோகிறவன் ராத்திரி உட்கார்ந்து தன் காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தேன்.

எதற்கும் புத்தகத்தைத் தேடுகிற ஆள் நான். தஞ்சாவூரில் ஒரு நூலகத்தில் வெள்ளைக்காரர் காலத்துக் குதிரைப்படைக் கையேடு ஒன்று அகப்பட்டது. அதிலிருந்து தெரிந்துகொண்டது இவ்வளவு. குதிரை ஏறுகிறவனின் காலணிக்குக் குதிகால் உயரம் வேண்டும், பாதம் வளையத்துக்குள் முழுதாக நுழைந்துவிடாமல் அதுதான் தடுக்கும். அடிப்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும், விழ நேர்ந்தால் கால் தானாகக் கழன்றுகொள்ளும். கணுக்கால் மூடியிருக்க வேண்டும். காலணிக்கும் வளையத்துக்கும் இடையில் இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளி வேண்டும். கெண்டைக்காலைப் பாதுகாக்க முழங்காலுக்குக் கீழே கம்பளிப் பட்டை சுற்றிக்கொள்ள வேண்டும். காலாட்படைக்காரன் அதைக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுவான். குதிரைக்காரன் முழங்காலில் ஆரம்பித்துக் கீழ்நோக்கிச் சுற்றி, பூட்ஸின் வாய்மேலேயே முடிச்சுப் போடுவான்.

அன்றைக்கே தஞ்சாவூரில் பழைய சாமான் விற்கும் தெருவில் நுழைந்தேன். கையேட்டில் சொன்னது அப்படியே ஒரு கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறத் தோல் பூட்ஸ். குதிகாலில் இரும்பு அடித்தது. கூடவே காக்கி நிறத்தில் ஒரு ஜோடி கம்பளிப் பட்டை. போலீஸ்காரர்கள் பட்டீஸ் என்பார்களே, அது. கடைக்காரர் தூசியைத் தட்டிக் கையில் கொடுத்து, "போலீஸ் சரக்கு சார், உங்க பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்" என்றார். போலீஸ் என்ற சொல் என்னை உறுத்தவில்லை. சொல்லப்போனால் பிடித்திருந்தது.

அறைக்கு வந்து பட்டையைச் சுற்றிப் பூட்ஸை மாட்டிக்கொண்டேன். என்னிடம் இருந்தது சுவரில் மாட்டிய முகம் பார்க்கிற கண்ணாடி. அதில் கால் தெரியவில்லை. ஆணியிலிருந்து கழற்றித் தரையில் சாய்த்துவைத்து இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தேன். வயதும் அப்படி. அந்தக் கால்கள் என்னுடையவை என்று நம்பவே முடியவில்லை.

மறுநாள் குதிரைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குதிரைக்குத்தான் லாடம் அடிச்சு விட்டேன். சார் எங்க போயி அடிச்சிக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

சவாரிக்கு அவை அற்புதமாக இருந்தன. அதை மறைப்பதற்கில்லை. கால் நழுவவில்லை, உரசவில்லை, முள்ளும் அட்டையும் அண்டவில்லை. வேறொன்றும் நடந்தது. டீக்கடையில் நான் குதிரையை விட்டு இறங்கினால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். என் ஒற்றைக்கால் நடனத்தைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள். வழியில் எதிரே வருகிற கூலியாட்கள் வரப்பைவிட்டுச் சேற்றில் இறங்கி நின்று வழிவிட்டார்கள். ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நடக்கும்போது குதிகால் இரும்பு கல்லில் பட்டு ஒலிக்கும். சில இடங்களில் வேண்டுமென்றே கல்லின்மேல் கால் வைத்து நடந்தேன். ஊர் எல்லையில் வண்ணம் பூசிய காவல் வீரன் சிலை ஒன்று உண்டு. கையில் அரிவாள், காலில் கறுப்பு பூட்ஸ். அதைக் கடக்கும்போதெல்லாம் என் காலையும் ஒரு முறை பார்த்துக்கொள்வேன்.

அந்த வருஷத்து நிலவரத்தையும் சொல்ல வேண்டும். குறுவை அறுவடையின்போது கூலி நெல் விஷயமாகத் தகராறு முற்றி, சில ஊர்களில் அறுத்த கதிர் களத்துக்குப் போகாமல் வயலிலேயே கிடந்தது. வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்தார்கள், கைகலப்பானது. அதன்பிறகு பள்ளிக்கூடக் கட்டிடம் ஒன்றில் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். விடிவதற்குள் தொழிலாளர் தெருவுக்குள் புகுந்து ஆண்களைப் பிடித்துப்போவது நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் வீட்டில் படுப்பதில்லை. நாகப்பட்டினம் பக்கத்தில், கூலி கேட்ட குடும்பங்களைக் குடிசைக்குள் வைத்து எரித்த அந்தக் கொடுமை நடந்தும் அதிக நாள் ஆகவில்லை. தெருவில் எல்லோர் மனதிலும் அது இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. இந்தச் செய்திகள் அத்தனையையும் வெட்டி, ஓரத்தில் தேதி எழுதி ஒட்டிவைத்திருந்தவன் நான்.

அந்த நிலையில்தான் பக்கத்து ஊரில் வாந்திபேதி வந்து இரண்டு பேர் இறந்தார்கள். துலா முழுக்குக் கூட்டம் திரும்புகிற நேரம். ஊரெல்லாம் ஒரே வாய்க்கால் தண்ணீரைத்தான் குடித்தது. அந்த ஊருக்கு அடுத்தபடி, வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம், தொழிலாளர் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே உடனே காலரா ஊசி போட்டு முடிக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவிட்டார். தாமதித்தால் அங்கேதான் அதிகம் சாவார்கள் என்றும் சொன்னார்.

இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் தெரு காலி. அடுப்பில் உலை கொதிக்கிறது, கோழி மேய்கிறது, ஆள் இல்லை. கட்டிலில் கிடந்த கண் தெரியாத ஒரு முதியவர் மட்டும் என் பூட்ஸ் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, வீட்டில் யாரும் இல்லை, யாரும் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் பயந்ததற்குக் காரணம் ஊசி என்று நினைத்தேன். டீக்கடையில் உட்கார்ந்து, இந்தச் சனங்களுக்கு ஊசி என்றால் பயம், படிப்பறிவு இல்லாவிட்டால் இப்படித்தான் என்று சொன்னேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். உண்மைக் காரணத்தை அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் பெஞ்சில் நீட்டிக்கொண்டிருந்த என் கால்களைப் பார்த்தபிறகு அவரும் எப்படிச் சொல்வார்?

மூன்றாவது முறை தெருவுக்குப் போகாமல், பெண்கள் வேலை செய்கிற வயலுக்கே போய்விடுவது என்று தீர்மானித்தேன். காலைச் சூரியன் ஏறியிருந்தது. மழை இல்லை. தாளடி நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்கு முன்னாலேயே குதிரையை ஒரு பூவரச மரத்தில் கட்டிவிட்டு, மருந்துப் பையோடு வரப்பில் நடந்தேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்றை ஊன்றியபடி பின்னோக்கி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. பாட்டும் பேச்சுமாக இருந்தார்கள். வாய்க்கால் ஓரத்து மரக்கிளையில் புடவையால் கட்டிய ஏணை ஒன்று தொங்கியது.

வரிசையின் ஓரத்தில் இருந்த பெண்ணுக்கு நேராகப் போய் நின்றேன். அவளுக்கும் எனக்கும் இடையில் இரண்டு முழம் இருக்கலாம். குனிந்தபடியே அவள் தலையைச் சற்றுத் திருப்பினாள். அவள் பார்வை என் கால்களில் நின்றது. அதற்குமேல் வரவில்லை. பாட்டு நின்றுவிட்டது. அவள் ஏதோ ஒரு சொல் சொன்னாள்; அந்த வரிசை முழுவதும் நாற்றைப் போட்டுவிட்டு எழுந்து ஓடியது.

"ஊசி போடத்தாம்மா வந்திருக்கேன், நில்லுங்க" என்று கத்தினேன். யார் காதிலும் விழவில்லை.

இளம்பெண் ஒருத்தி மட்டும் எதிர்த்திசையில் ஓடினாள். ஏணையிலிருந்து குழந்தையை வாரி எடுத்தாள். என்னைக் கடந்துதான் வரப்புக்கு வர முடியும் என்பதால், குழந்தையோடு வாய்க்காலில் இறங்கிவிட்டாள். சின்ன வாய்க்கால்தான், கோடையில் முழங்கால் அளவுதான் இருக்கும். ஐப்பசித் தண்ணீரில் அது கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. நடுவே போனதும் கால் இடறியது. அவள் தலை மூழ்கியது. இரண்டு கைகளும் குழந்தையும் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தன. அப்படியே கீழ்ப்புறமாக நகர ஆரம்பித்தன.

எனக்கு நீச்சல் தெரியும். திருப்பனந்தாள் பக்கம் ஆற்றங்கரையில் வளர்ந்தவன். கரைக்கு ஓடினேன். குதிக்கப் போகும்போது கையேட்டின் இன்னொரு பக்கத்தில் படித்தது நினைவுக்கு வந்தது: பூட்ஸில் தண்ணீர் ஏறினால் ஈயக் குண்டு கட்டியதுபோல் ஆளை இழுத்துவிடும். கம்பளிப் பட்டை நனைந்தால் ஊறிக் கனக்கும். ஆகவே உட்கார்ந்தேன்.

கரையில் உட்கார்ந்து பட்டையை அவிழ்க்க ஆரம்பித்தேன். பூட்ஸின் வாய்மேல் பட்டையின் முடிச்சு. அதை அவிழ்க்காமல் பூட்ஸைக் கழற்ற முடியாது. முடிச்சு சேற்றில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். பிறகு சுற்றுகள். கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தன. குதிரைமேல் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் நெகிழக் கூடாது என்று இறுக்கிச் சுற்றியது நான்தான். ஒரு காலின் பட்டையை உருவி, பூட்ஸின் கயிற்றை ஒவ்வொரு துளையாக நெகிழ்த்தி, இழுத்து எறிந்துவிட்டு நிமிர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஓடிய பெண்களில் நான்கைந்து பேர் திரும்பி வந்து, கட்டியிருந்த புடவையோடு தண்ணீரில் குதித்து, குழந்தையை ஒருத்தி வாங்க, தாயின் கூந்தலை ஒருத்தி பிடிக்க, எதிர்க்கரைக் கோரையைப் பற்றி மேலே ஏறியிருந்தார்கள். அவர்களுக்கும் என் கால்கள் தெரிந்துதான் இருந்தன. போலீஸ் இருக்கிறது என்று தெரிந்தே திரும்பி வந்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது. அந்த அழுகைக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். தாய் குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன். ஒரு கால் வெறுங்கால். வெள்ளையாக ஊறி, பட்டையின் தடம் பதிந்த கால். இன்னொன்றில் பூட்ஸ், முழங்கால்வரை காக்கி. மருந்துப் பை திறந்து ஊசிக்குழல் பெட்டி வரப்பில் கிடந்தது.

எதிர்க்கரையில் இருந்தவர்களில் வயதில் மூத்தவர், நடவு வரிசையை நடத்துகிற அம்மாள், புடவையைப் பிழிந்துகொண்டே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெட்டியையும் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு காலு போலீசு, ஒரு காலு மனுசன்" என்றார். "எந்தக் காலப் பாத்து நாங்க பேசுறது?"

யாரும் சிரிக்கவில்லை.

நான் தண்ணீரில் இறங்கி அவர்கள் பக்கம் போனேன். கழற்றாத பூட்ஸோடுதான். அவ்வளவு ஒன்றும் இழுக்கவில்லை. கழுத்தளவு கூட இல்லை அந்த இடம். அதைத் தெரிந்துகொண்டது இன்னும் மோசமாக இருந்தது.

இளம்பெண்ணுக்கு மூச்சு சீரானது. குழந்தையை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் முட்டாள்தனமாக அவளிடம், என் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே, நான் ஆஸ்பத்திரி ஆள்தானே, இரண்டு முறை தெருவுக்கு வந்தேனே என்றேன்.

"மூஞ்சிய எங்கய்யா பாத்தோம்?" என்றாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "நடவுல நிமிந்தா ஏசுவாங்க. வரப்புல யாரு வந்து நிக்கிறாங்கன்னு காலப் பாத்துத்தான் தெரிஞ்சிக்குவோம். தோல் செருப்பு சத்தம் போட்டா பண்ணையாரு. டயர் செருப்புன்னா அவரோட வேலைய மேற்பாக்குற காரியக்காரரு. பூட்சும் பட்டையும் யாரு போடுவா?"

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். போன வாரம் அவள் அண்ணியைப் பள்ளிக்கூட முகாமுக்குக் கூட்டிப்போய் நாள் முழுவதும் உட்கார வைத்திருந்தார்களாம். பெண்ணைப் பிடித்துவைத்தால் ஆண் தானாக வந்து நிற்பான் என்ற கணக்கு. அப்படித்தான் அவள் அண்ணன் போய் நின்றான். இவள் புருஷனும் அப்போது வீட்டில் இல்லை. அடுத்தது தான்தான் என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை விட்டுவிட்டு இழுத்துப்போவார்கள், பால்குடி மறக்காத பிள்ளை, அதனால்தான் எடுத்துக்கொண்டு இறங்கினேன் என்றாள்.

"நான் குதிரையில ஏறுறதுக்குத்தாம்மா இதப் போட்டேன்" என்று சொன்னேன்.

மூத்த அம்மாள் திரும்பினார். "அது குதிரைக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் அங்கிருந்து போய்விடலாமா என்று யோசித்தேன். அவர்தான் என்னை நிறுத்தினார். பக்கத்து ஊரில் இரண்டு பேர் செத்தது உண்மைதானா என்று கேட்டார். உண்மை என்றேன். இந்த ஊசி போட்டால் வராதா என்று கேட்டார். வந்தாலும் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம் என்றேன். வராது என்று அடித்துச் சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை.

"போட்டுட்டுப் போங்க. தெருவுக்கும் வாங்க, புள்ளைங்களக் கூப்புடுறோம்" என்றார். "ஆனா அந்த ஒத்தக் காலயும் அவுத்துட்டு வாங்க."

ஆகவே அவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் மறுபடியும் கரையில் உட்கார்ந்து இன்னொரு காலின் பட்டையை அவிழ்த்தேன். ஈரத்தில் ஊறியதால் முதல் காலைவிட அதிக நேரம் பிடித்தது. அந்தக் காக்கிப் பட்டை சுற்றுச் சுற்றாக என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. என் வாழ்க்கையில் பல இடங்களில் தலைகுனிந்திருக்கிறேன். அன்றைக்கு நான் குனிந்திருந்தேன், அவர்கள் நிமிர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேற்றில் வெறுங்காலோடு நின்று ஊசி போட்டேன். அந்த இளம்பெண்ணும் கையை நீட்டினாள். ஊசி ஏறும்போது முகத்தைச் சுளிக்கவில்லை. பார்வை மட்டும் கடைசிவரை என் பாதத்தைவிட்டு நகரவில்லை. சாயங்காலத்துக்குள் தெரு முழுவதும் போட்டு முடித்தேன். அந்த மழைக்காலத்தில் அந்தக் குடியிருப்பில் வாந்திபேதி வரவில்லை. ஊசியால்தானா, அதிர்ஷ்டத்தாலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுவாரம் குதிரைக்காரரோடு உட்கார்ந்து வேறு ஏற்பாடு செய்தேன். அங்கவடியின் முன்பக்கத்தில் பழைய வண்டித் தோலை வளைத்து மூடிபோல் தைத்துவிட்டோம். இனி எந்தக் கால் வைத்தாலும் உள்ளே நழுவாது. வளையத்தின் அடியில் சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றினோம், இரும்பு பாதத்தை அறுக்காது. கெண்டைக்காலை உரசிய தோல்வாருக்குப் பழைய போர்வைத் துணியைச் சுற்றினோம். அதாவது காலுக்குப் போட்டதையெல்லாம் சேணத்துக்குப் போட்டோம். ஒரு பகல் வேலை. அதன்பின் அந்த மழைக்காலம் முழுவதும் வெறுங்காலோடும், சில நாள் சாதாரணச் செருப்போடும் ஏறினேன். ஒரு குறையும் இல்லை. குதிரைக்காரர் குதிரையின் பிடரியைத் தட்டி, "முன்னாடியே இதச் செஞ்சிருக்கலாமே சார்" என்றார். செய்திருக்கலாம்தான். அது எனக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் எனக்கே தெரிந்திருந்தது. தரையில் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்த அன்றைக்கே, காலுக்குப் பாதுகாப்பு எது என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு நான் முதன்முறை டீக்கடையில் இறங்கியபோது பெஞ்சில் யாரும் எழவில்லை. நின்றுகொண்டே டீ குடித்தேன். அந்த நேரத்திலும், அந்தப் பெண் தண்ணீரில் போனதைப் பார்த்து ஒரு வாரமே ஆகியிருந்த அந்த நேரத்திலும், உள்ளுக்குள் எனக்கு ஏதோ குறைந்துபோனதுபோல் இருந்தது. அவர்கள் எழுந்தது மரியாதையால் என்று நான் நம்பியதாகச் சொல்லிக்கொள்ளலாம். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினவரின் கண்ணை நான் பார்த்தேன். அது மரியாதை இல்லை என்று அப்போதே தெரியும். தெரிந்தும் பிடித்திருந்தது.

பூட்ஸை யாருக்குக் கொடுப்பது? கொடுத்தால் இன்னொருவர் போட்டு நடப்பார். மழைக்காலம் முடிந்து குதிரையைத் திருப்பிக் கொடுத்து, மாற்றலாகி வேறு ஊர் போனபிறகும் அவற்றை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தேன். பூஞ்சை பிடித்து, தோல் பிளந்து, ஒன்றுக்கும் ஆகாமல் போனதும்தான் தூக்கி எறிந்தேன்.

இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். செருப்பு வாங்கப் போனால் கடைக்காரப் பையன் காலில் மாட்டிவிட்டு, "நடந்து பாருங்க சார்" என்று சொல்லி, தரையில் சாய்த்துவைத்திருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியைக் காட்டுவான். அதில் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும், முகம் தெரியாது. அந்தக் கால்களின் முன்னால் ஒரு பெண் குனிந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றும், சரியாக இருக்கிறதா என்று பார்க்காமலே கழற்றிக் கொடுத்து, கட்டித் தரச் சொல்லிவிடுவேன்.